பிணைக்க நுனி விட்டார்களா?

பராமரிப்பு நின்றுபோன மென்பொருளை விடாதவர்களைச் சோம்பேறிகள் என்கிறோம். எனக்கு ஒப்பவில்லை. பைத்தான் 3 வந்தது 2008-ல். பழைய பைத்தான் 2-க்கு முதலில் 2015 என்று கெடு வைத்து, பிறகு 2020 வரை நீட்டினார்கள். ஏன் இந்த இழுபறி? பழையதில் தமிழை எழுத்து எழுத்தாகக் கையாள, மேற்கோள் குறிக்கு முன்னால் ஆங்கில 'யு' போடணும். புதியதில் அதைப் போட்டாலே பிழை! 2012-ல், 3.3 பதிப்பில்தான் அதைத் திரும்ப அனுமதித்தார்கள். ஒரே நிரலை இரண்டிலும் ஓட்டுவது அப்புறம்தான் சுலபமாச்சு.

தாமலில் தறி ஓட்டும் எங்கப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் பாவு தீர்ந்தால் அச்சில் பழைய இழை நுனியை விட்டுவைத்து, புதுசை ஒவ்வொன்றாகப் பிணைப்பார். கெடு மட்டும் வைப்பவர்கள் அந்த நுனியை விட்டார்களா? ஜூனியர்களிடம் நம்ம புராஜெக்ட்டைக் கொடுக்கும்போதாவது, எது மாறியது என்று ஒரு தாள் எழுதி வைப்போமே!