டப்பாப் பயறும் நமது மொச்சையும்

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தகர டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் வெள்ளைப் பயற்றைக் குறித்து நமது குடியானவர்கள் சிலர் இக்காலத்தில் விசாரிப்பதுண்டு. திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளின் மானாவாரி நிலங்களில் மணிலாக் கொட்டையையே பெரிதும் நம்பியிருப்பவர்கள், 'அப்பயற்றை நாமும் பயிரிட்டாலென்ன?' என்று வினவுவது இயற்கையே. பயிரிட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அப்பயற்றின் வரலாற்றினின்று நமது மொச்சைக்கு அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு.

முதலாவது, இரு தேசங்களிலும் டப்பாவுக்குள் செல்லும் பயறு ஒன்றே. அஃது அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளையும் பீன்ஸின் இனத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் அதனை ஹாரிக்கோ என்பர். அமெரிக்கர், தங்கள் கடற்படையினர் உண்டதால், நேவி பீன் என்பர். பயறு ஒன்றாயினும் பண்டம் இரண்டாயிற்று. பாஸ்டன் நகர வழக்கைப் பின்பற்றும் அமெரிக்க டப்பாவில் வெல்லப்பாகு அல்லது பழுப்புச் சர்க்கரை, கடுகு, உப்பிட்ட பன்றியிறைச்சி ஆகியவை சேரும்; குழம்பு கருத்தும் கெட்டியாகவும் தித்திப்பு மிகுந்தும் இருக்கும். ஆங்கில டப்பாவிலோ தக்காளிச் சாறு. அது நீர்த்தது, தித்திப்புக் குறைந்தது. அதனை வாட்டிய ரொட்டியின் மேல் ஊற்றிக் காலை உணவாகவும் உண்கின்றனர். ஆங்கில டப்பாவிலும் முன்னர்ப் பன்றியிறைச்சி இருந்ததுதான். இரண்டாம் உலகப் போர்க்காலப் பங்கீட்டில் அது நீக்கப்பட்டது. போர் முடிந்த பின்னும் ஜனங்கள் அதனைத் தேடவில்லை. 'சுட்ட பயறு' என்று பெயர் இருப்பினும், ஆங்கிலப் பயறு அடுப்பில் சுடப்படுவதன்று. மூடிய டப்பாவுக்குள்ளேயே நீராவியின் அழுத்தத்தில் வேகுவது.

இவற்றில் நமது பெண்டிர் நன்கறிந்த நுட்பம் ஒன்று அடங்கியிருக்கின்றது. மொச்சைக் குழம்பு வைப்போர் கொட்டை வெந்த பின்னரே புளி கரைத்து ஊற்றுவர்; முன்னதாக ஊற்றினால் கொட்டை வேகாது. தக்காளியின் புளிப்பும் அவ்வாறே பயற்றை இறுக்கும். வெல்லப்பாகிலோ புளிப்போடு சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆகையால் பாஸ்டன் பயறு பல மணி நேரம் அடுப்பிலிருந்தும் குழையாமல் முழுதாக நிற்கின்றது. இரு நாட்டு ஆலைகளும் பயற்றை முன்னரே ஊற வைத்தோ வெந்நீரில் பதப்படுத்தியோ பின்பே குழம்பில் இடுகின்றன. அங்ஙனம் இடும்போது ஒரு டப்பாவிலுள்ள பயறு அனைத்தும் ஒரே நேரத்தில் வெந்தாக வேண்டும். பாதி குழைந்து பாதி கல்லாக நிற்குமாயின் பண்டம் கெட்டது. ஆகவே ஆலைகள் கேட்பது ஒரே பருமன், ஒரே நிறம், ஒரே வயதுள்ள பயறு. ஆங்கிலேயர் இப்பயற்றைப் பெரும்பாலும் வட அமெரிக்காவினின்றே தருவிக்கின்றனர். தங்கள் குளிர்ந்த குறுங்கோடையில் விளையத்தக்க ரகங்களை வார்விக் பல்கலைக்கழகத்தார் சமீப காலத்தில்தான் உண்டாக்கினர். நமக்கோ தடை நேர் எதிரானது. சமவெளியின் வெப்பத்தில் அச்செடியின் பூ உதிர்ந்துவிடும்.

மொச்சைக்கு அக்குறை இல்லை. ஆடியில் மணிலாக் கொட்டையோடு ஊடுபயிராக விதைத்தது, பகற்பொழுது குறுகுங்காலத்தில் பூத்துத் தைப் பொங்கலுக்குக் காய் தரும். எல்லோர் நிலத்திலும் ஒரே காலத்தில் காய்ப்பதால் பச்சைக்காயின் விலை விழுகின்றது. எஞ்சியதை உலர்த்திச் செம்மண் கட்டி வைக்கின்றோம். அதுவரை குற்றமில்லை. அதன் பின்னர் நாம் செய்வதே குற்றம். வெள்ளையும் கருப்பும் ஒரே குதிரில் விழுகின்றன. சென்ற ஆண்டின் மிச்சமும் இவ்வாண்டின் புதியதும் ஒரே மூட்டையில் ஏறுகின்றன. வெப்பத்திலும் ஈரத்திலும் நாட்பட்ட கொட்டை எவ்வளவு ஊறினும் எளிதில் வேகாது. அடுப்படியில் இதனை அறிந்தவள் அடுத்த முறை அக்கடையில் மொச்சை வாங்காள்.

'கலந்ததற்கும் கலவாததற்கும் தரகர் ஒரே விலைதானே தருகின்றார்?' என்று கேட்பீர்கள். உண்மைதான். இரண்டு மரக்கால் மொச்சையைத் தனியாகக் கொண்டு சென்றால் எவரும் மதியார். ஒரு கிராமத்தார் பதின்மர் ஒரே விதையை விதைத்து, ஒரே நிறமாக வண்டிப் பாரம் சேர்ப்பின், பொட்டலமிட்டு விற்போரிடம் நேரே பேசலாம். டப்பா ஆலை வருமோ வாராதோ, பொட்டல வியாபாரம் இப்போதே நடக்கின்றது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940ஆம் ஆண்டில் அளித்த டி.எம்.வி. 2 என்னும் கொத்துக் கடலையும் வானத்தினின்று வந்ததன்று. குடியாத்தம் கொத்து என்ற பழைய ரகத்தினின்று நல்ல செடிகளைப் பொறுக்கியெடுத்துக் கண்டதே. அந்நிலையத்தாரின் பொறுமையில் நூற்றிலொரு பங்கு நமக்கு இருப்பினும் மொச்சை விதை தேறிவிடும்.

வரும் தையில் அறுவடைக்கு முன்னரே, நோயற்று நிறைந்து காய்த்த வெள்ளை மொச்சைச் செடிகளுக்கு மட்டும் துணி கட்டி அடையாளமிடுங்கள். அவற்றின் நெற்றைத் தனியே உலர்த்தி, தனிப் பானையில் செம்மண் கட்டி வையுங்கள். ஆடியில் விதைக்குமுன் நூறு கொட்டைகளை ஓரிரவு ஊறவிட்டு, உப்பாமல் கிடப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். அக்கணக்கைத் தனியே குறித்து வைத்தால், மறு ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.