ஏமாற்றுவதா, திருத்துவதா?

"அக்கா, என் டர்போ காருக்கு பிக்கிபேக் போடவா, ரீமேப் செய்யவா?" என்று தம்பி கேட்டான். 9 வருடக் கடனில் வாங்கிய கார். வாரண்டி இன்னும் முடியவில்லை.

பிக்கிபேக், சென்சாருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்காரும் சிறு பெட்டி. டர்போ அழுத்தத்தைக் குறைத்துச் சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி அழுத்தத்தைக் கூட்டும். ரீமேப் ஏமாற்றுவதில்லை. எரிபொருள், தீப்பொறி நேரம், டர்போ அழுத்தம் என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே திருத்துகிறது. அதனால் ஓட்டம் சீராக இருக்கும், தடயமும் இருக்கும்.

"பிக்கிபேக்கை சர்வீசுக்கு முன் கழற்றிவிடலாமே!" என்றான்.

பெட்டியைக் கழற்றலாம் தம்பி, இன்ஜின் வாங்கிய அடியைக் கழற்ற முடியுமா? வாரண்டி முடியட்டும். பிறகு டைனோவில் ஏற்றி அளந்து, ரீமேப் செய்துகொள். அதுவரை நல்ல டயர் போடு.