அமெரிக்க வேலை அனுமதியின் யோக்கியதை

வெளிதேசத்துப் பிள்ளைகள் படிக்கப் போகின்றபோது அமெரிக்கக் காலேஜுகள் அவர்களை வரவேற்கின்ற மாதிரியையும், படிப்பு முடிந்தபின் அந்நாட்டுச் சர்க்கார் அவர்களை நடத்துகின்ற மாதிரியையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே தேசந்தானா என்கின்ற சந்தேகம் எவருக்கும் உண்டாகாமலிருக்க முடியாது. சம்பளம் கட்டுகின்றவரை அவன் மாணாக்கன். பட்டம் வாங்கினவுடன் நாள் எண்ணப்படுகின்ற ஆள்.

விஷயம் இதுதான். மாணவர் விசாவில் படித்து முடித்தவன், தன் படிப்புக்குச் சம்பந்தப்பட்ட வேலையை 12 மாதம் செய்து பழகிக்கொள்ள அனுமதி உண்டு. இதற்கு ஓ.பி.டி. என்று பெயர். விஞ்ஞானம், இஞ்சினீரிங், கணிதம் முதலிய படிப்பானால் மேற்கொண்டு 24 மாதம் கேட்கலாம். ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்குமேல் வேலையில்லாதிருந்தால் தங்கும் உரிமைக்கே மோசம் வந்துவிடும். கடன் வாங்கிப் படித்த குடியானவன் வீட்டுப் பிள்ளை அந்த 90 நாளும் எப்படித் தூங்குவான்? வேலை கொடுப்பதும் மறுப்பதும் முதலாளி கையிலிருக்க, வேலையில்லாத குற்றத்துக்குத் தண்டனை மாத்திரம் பையனுக்கா என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்த அனுமதி அந்நாட்டுச் சட்டசபை பேர் சொல்லிச் செய்த சட்டமல்ல. இலாகா எழுதின விதியேயாகும். 2008-ல் 17 மாத நீடிப்பைக் கொண்டுவந்தார்கள். பொதுஜன அபிப்பிராயம் கேளாமல் செய்ததென்று 2015-ல் ஒரு கோர்ட்டு அதைத் தள்ளிற்று. 2016-ல் முறைப்படி கேட்டு 24 மாதமாக்கினார்கள். அதன்மேலும் ஒரு தொழிலாளர் சங்கம் வழக்காடி, 2022-ல் அப்பீலில் தோற்றது. 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இலாகாவின் பேனாவால் வந்தது பேனாவாலேயே போகவுங் கூடும்.

அந்தச் சங்கத்தாரை நாம் விரோதிகளென்று சொல்லமாட்டோம். மாணவர் விசாவிலுள்ளவனுக்குப் பொதுவாக முதல் 5 வருஷம் சமூகப் பாதுகாப்பு வரியும் வைத்திய வரியும் கிடையாது. அதனால் முதலாளிக்குச் சம்பளத்தில் 100-க்கு 7.65 மிச்சம். இவனை வைத்துக்கொண்டால் லாபம் என்று சர்க்காரே வழி செய்துவிட்டால் உள்ளூரானுக்குக் கோபம் வராதா? வரத்தான் செய்யும். ஆனால் அது யார்மேல் பாய்கின்றது பாருங்கள்! லாபத்தைத் தின்றவன்மேலல்ல, பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கின்ற கறுத்த பையன்மேல். அந்த முதலாளி பங்கை வசூலித்துவிட்டால் இச்சண்டையில் ஒரு பெரும் பாகம் ஒழிந்துபோகாதா?

இதற்குப்பின் தங்கவேண்டுமானால் எச்.1பி. விசா. பொதுவாக வருஷத்துக்கு 65,000. அந்நாட்டில் மேற்பட்டம் பெற்றவர்களுக்கு இன்னும் 20,000. மனுக்கள் மிஞ்சினால் குலுக்கிப் பொறுக்குகின்றார்கள். பட்டத்துக்குப் பரீட்சை, பிழைப்புக்குச் சீட்டு! ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூரில் இதற்கென்றே 'விசா பாலாஜி' இருக்கின்றார். வேண்டிக்கொள்ள 11 சுற்று, கிடைத்தால் 108 சுற்று. எத்தனை சுற்றினாலும் 85,000 என்பது 85,001 ஆகிவிடப் போவதில்லை என்பது சுற்றுகின்றவர்களுக்கும் தெரியாததல்ல.

நம்மூர்த் தரகர்களோ இதையெல்லாம் விழுங்கிவிட்டு '3 வருஷம் வேலை நிச்சயம்' என்கின்றார்கள். 24 மாத நீடிப்பு எல்லாப் படிப்புக்கும் கிடையாது; முதலாளி இ-வெரிஃபை என்னும் சர்க்கார் ஏற்பாட்டில் சேர்ந்தவனாயிருக்கவேண்டும்; பயிற்சித் திட்டமும் எழுதிக் கொடுக்கவேண்டும். முதல் 12 மாதத்துக்கான மனுவோ, படிப்பு முடிந்த 60 நாளுக்குள் இலாகாவுக்குப் போய்ச் சேராவிட்டால் அதுவும் இல்லை. வீட்டுப் பத்திரத்தை பாங்கியில் வைக்குமுன் பெற்றோர்கள் இவ்வளவையும் தரகரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும்.