நாணயமற்ற நாணயங்கள்

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் டோக்கன் தருகிறார்கள். அந்தத் துண்டுச் சீட்டில் நாளும் நேரமும் இருக்கும். பொருள் கிடைக்காவிட்டால் கேட்பதற்குக் கடை இருக்கிறது, வட்ட வழங்கல் அலுவலர் இருக்கிறார், மாவட்ட ஆட்சியர் இருக்கிறார். இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் வழியாக நம் குடியிருப்புகளுக்குள் வேறொரு டோக்கன் வருகிறது. 'புதிய கிரிப்டோ நாணயம். சந்தைக்கு வருவதற்கு முன்பே வாங்கினால் ஒரு ரூபாய், வந்த பிறகு நூறு ரூபாய்' என்கிறார்கள். இதற்கு ப்ரீசேல், அதாவது முன்விற்பனை என்று பெயர். நாணயம் வராவிட்டால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு மட்டும் அங்கே பதில் கிடைக்காது.

முன்விற்பனை என்றாலே மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு உண்மையை மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு டோக்கனை உருவாக்க அரசின் அனுமதியோ வங்கியின் உரிமமோ தேவையில்லை. ஏற்கெனவே இயங்கும் ஒரு பிளாக்செயினில், சில நிமிடங்களில், சொற்பச் செலவில் யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். அழகான இணையதளமும் ஒரு திட்ட அறிக்கையும் இருந்தால் விற்பனையைத் தொடங்கிவிடலாம். நாம் கொடுப்பது உண்மையான பணம். பெறுவது, பிறகு ஏதோ ஒன்று வரும் என்ற வாக்குறுதி.

2021-இல் நடந்ததைப் பாருங்கள். தென் கொரியாவின் 'ஸ்குவிட் கேம்' தொடர் அப்போது நெட்ஃபிளிக்ஸில் உலகெங்கும் ஓடியது. கடனில் மூழ்கியவர்கள் பணத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விளையாடும் கதை அது. அந்தத் தொடருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத சிலர், அதன் பெயரிலேயே ஒரு டோக்கனை விற்றார்கள். தொடரில் வரும் விளையாட்டுகளை இணையத்தில் நடத்தப்போவதாகவும், அதில் கலந்துகொள்ள இந்த டோக்கன் வேண்டும் என்றும் சொன்னார்கள். அக்டோபர் கடைசியில் ஒரு சென்ட் அளவில் இருந்த விலை, நவம்பர் 1 அன்று 2,800 டாலரைத் தாண்டியது. அடுத்த சில நிமிடங்களில் ஒரு சென்டுக்கும் கீழே விழுந்தது. உருவாக்கியவர்கள் சுமார் 33 லட்சம் டாலரோடு மறைந்தார்கள். இணையதளமும் மறைந்தது.

விலை ஏன் அப்படி ஏறியது? வாங்கியவர்களால் விற்க முடியவில்லை, அதனால்தான். வாங்கும் கதவைத் திறந்து, விற்கும் கதவை அடைத்து அந்த டோக்கனை அமைத்திருந்தார்கள். விற்பவரே இல்லாத சந்தையில் விலை ஏறிக்கொண்டேதான் போகும். ஏறும் விலையைக் காட்டியே மேலும் பலரை உள்ளே இழுத்தார்கள். உலகப் புகழ்பெற்ற செய்தி நிறுவனங்களே அந்த விலையேற்றத்தைச் செய்தியாக்கின. ஆகவே செயலியில் தெரியும் விலை நம் பணம் ஆகாது. விற்று, வங்கிக் கணக்கில் ரூபாயாக வந்தால்தான் அது பணம்.

இந்த ஒரு நிகழ்விலேயே பெரும்பாலான எச்சரிக்கை அடையாளங்கள் இருக்கின்றன. நடத்துபவர் யார் என்று சரிபார்க்க முடியாதிருப்பது முதல் அடையாளம். புனைபெயர், வேறொருவரின் புகைப்படம், இல்லாத முகவரி ஆகியவை இதில் அடங்கும். விற்பதற்குத் தடையோ, புரியாத நிபந்தனையோ இருப்பது இரண்டாவது. மூன்றாவது, டோக்கன்களில் பெரும்பங்கு உருவாக்கியவர்களின் கையிலேயே இருப்பது. சந்தையில் மாற்றிக்கொள்வதற்காகப் போட்டு வைத்த பணத்தை அவர்கள் நினைத்தபோது உருவிக்கொள்ள முடிவதும் இதோடு சேர்ந்தது. நான்காவது அவசரம். 'இன்னும் மூன்று மணி நேரத்தில் விலை ஏறும்' என்று இணையதளத்தில் ஓடும் கடிகாரம், நம்மை யோசிக்கவிடாமல் செய்வதற்காக வைக்கப்பட்டது. ஐந்தாவது, உறுதியான லாபம். விலை ஏறி இறங்கும் எந்தப் பொருளிலும் மாதம் இவ்வளவு நிச்சயம் என்று யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. ஆறாவது, ஆள் சேர்த்தால் கமிஷன். பொருளை விற்பதைவிட ஆளைச் சேர்ப்பதில் அதிக வருமானம் என்றால், உள்ளே வரும் புதியவரின் பணம்தான் பழையவருக்கு லாபமாகப் போகிறது.

'நான் ஆயிரம் போட்டேன், ஆயிரத்து இருநூறாகத் திரும்பி வந்தது' என்று யாராவது சொன்னால் அதையும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் சிறு தொகையைத் திருப்பித் தருவதே பெருந்தொகையை வாங்குவதற்காகத்தான். மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதங்களுக்குத் தருவதாகச் சொல்லி இந்தியாவெங்கும் பணம் திரட்டிய 'கெயின்பிட்காயின்' திட்டமும் முதலில் கொடுக்கத்தான் செய்தது. கொடுக்க முடியாதபோது, தானே உருவாக்கிய 'எம்கேப்' என்ற டோக்கனைக் கையில் திணித்தது.

இந்தப் பத்தியில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. இத்தகைய திட்டங்கள் ஒரு சமூகத்துக்குள் அந்தச் சமூகத்தின் ஆள் வழியாகத்தான் நுழைகின்றன. அமெரிக்காவில் 'நோவாடெக்' என்ற கிரிப்டோ திட்டத்தின் மீது 2024-இல் நியூயார்க் மாநில அரசுத் தலைமை வழக்கறிஞரும், பங்குச் சந்தை ஆணையமும் வழக்குத் தொடுத்தார்கள். ஹைட்டியிலிருந்து குடியேறிய கறுப்பின மக்களை அவர்களின் மொழியிலேயே பேசி, ஜெபக் குழுக்கள் வழியாகவும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் சேர்த்தார்கள் என்பது அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டு. ஆணையத்தின் கணக்குப்படி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 65 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறார்கள்.

வங்கிப் படியேறினால் ஜாமீன் கேட்பார்கள். நிலம் இல்லாதவர் எதைக் காட்டுவது? அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் 'நம்ம ஆள்தான், நம்பிப் போடுங்க' என்ற சொல் எளிதில் எடுபடும். 2022-இல் நம் வட மாவட்டங்களை உலுக்கிய ஆருத்ரா கோல்டு விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டியிருந்தார்கள். அங்கும் பலரை அழைத்துப் போனது ஊர்க்காரரோ உறவினரோதான். அழைத்துப் போனவர் பல நேரங்களில் கெட்டவர் அல்ல, அவரும் ஏமாந்தவர். ஆனால் அவர் நல்லவர் என்பது அந்தத் திட்டம் நல்லது என்பதற்குச் சான்றல்ல.

வசதியானவர் இதில் இழப்பது சேமிப்பை. நாம் இழப்பது பெரும்பாலும் கடன் வாங்கிய பணத்தை. மகளிர் குழுக் கடன், தாட்கோ கடன், அடகு வைத்த தாலிக்கொடி, தூய்மைப் பணியாளரான அப்பா ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடை என்று அது எங்கிருந்தும் வந்திருக்கலாம். டோக்கன் காணாமல் போன பிறகும் தவணை நிற்காது. வாரக் கடன் வசூலிப்பவர் வாசலில் வந்து நிற்பார். கடைசியில் படிக்கும் பிள்ளைதான் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

'அரசே கிரிப்டோவுக்கு வரி வாங்குகிறது, அப்படியானால் அங்கீகாரம் இருக்கிறது' என்பது முகவர்கள் சொல்லும் வாதம். 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி இருப்பது உண்மை. வரி லாபத்துக்கு விதிக்கப்படுகிறது. முதலீட்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது. கிரிப்டோ இந்தியாவில் சட்டப்பூர்வ செலாவணியும் அல்ல. இவ்வகை நாணயங்களின் அபாயம் பற்றி ரிசர்வ் வங்கி 2013-லேயே எச்சரித்திருக்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்கிறோம். உங்கள் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ சிம் கார்டையோ 'சில நாள்களுக்கு' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏமாற்றிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் காவல்துறை முதலில் உங்களைத்தான் தேடி வரும். கல்வி உதவித்தொகை வரும் கணக்கும் முடக்கப்படும். கிரிப்டோ வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களையும் யாரிடமும் சொல்லாதீர்கள். அதைக் கேட்பவர் திருடர் என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

ஏமாந்துவிட்டால் அன்றே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் வங்கிகளுக்குள் இருக்கும்வரை தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. கிரிப்டோவாக மாறிக் கைமாறிய பிறகு மீட்பது மிகவும் கடினம். குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடல், பரிமாற்ற எண், எண்ணுடன் கூடிய பெயர் எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் கட்டுங்கள்' என்று வருபவர் அநேகமாக இரண்டாவது திருடர். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்குபவர்கள், பாதிக்கப்பட்ட மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்; மனு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அவமானம் என்று மறைத்தால் அடுத்த தெருவிலும் அதே ஆள் கடை விரிப்பார்.

அண்ணல் அம்பேத்கர் 1923-இல் லண்டனில் வெளியிட்ட 'ரூபாயின் சிக்கல்' என்ற பொருளாதார ஆய்வு நூலில், நாணயத்தை வெளியிடுபவர்கள் அதை விருப்பம்போல் பெருக்கிக்கொள்ளக் கூடாது, அதற்குத் திட்டமான வரம்பு வேண்டும் என்று வாதிட்டார். பிரிட்டிஷ் அரசின் நாணயத்தையே கேள்வி கேட்டவர் அவர். அவர் வழி வந்த நாம், முகம் தெரியாதவர் விற்கும் டோக்கனைக் கேள்வி கேட்காமல் வாங்கலாமா? வெளியிடுபவர் யார், எத்தனை வெளியிடுகிறார், விற்க நினைத்தால் விற்க முடியுமா, தவறினால் யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளையும் அடுத்த மகளிர் குழுக் கூட்டத்திலும் மாலை நேரப் படிப்பகத்திலும் பேசுங்கள். கேட்பது சொந்த அண்ணனிடமாக இருந்தாலும் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் வீட்டிலேயே இருக்கட்டும்.