பிளஸ் ஒன்னை யாரிடம் கொடுக்கப் போகிறோம்?

எங்கள் ஊர்ப்பக்கம் இந்தக் கதையைச் சொல்லாத வீடு கிடையாது. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. சென்னை அரசாங்கம் இனி பணம் இல்லை என்று கையை விரித்தது. பென்னிகுயிக் இங்கிலாந்துக்குப் போய்த் தன் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று, அந்தக் காசில் அணையைக் கட்டி முடித்தார். லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. தை மாதம் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம்.

நான் பிளஸ் ஒன் படித்தபோது வகுப்பில் ஒருத்தன் எழுந்து கேட்டான்: "சார், சொத்தை வித்தாருன்னு எதுல சார் எழுதியிருக்கு?"

ஆசிரியர் நல்ல மனிதர். கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதெல்லாம் கொஸ்டின்ல வராதுப்பா, உக்காரு" என்றார். நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

இத்தனை வருடம் கழித்து எனக்கு அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது. பதினாறு வயதுப் பையன் ஆராய்ச்சியின் முதல் கேள்வியைச் சரியாகக் கேட்டுவிட்டான். அடுத்து என்ன செய்யணும் என்று அவனுக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளியின் கால அட்டவணையில் ஒரு பீரியடுகூட இல்லை.

*

2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. 2025-26 கல்வியாண்டு முதல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்று அறிவித்தார்கள். பிள்ளைகள் கொண்டாடினார்கள். நானும் வரவேற்கிறேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுத வைப்பது வதை.

ஆனால் அந்தத் தேர்வு ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டுக் கொண்டாட முடியாது. ரேங்க் வாங்கப் பறந்த பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. நான் படித்த பள்ளியிலும் அதே கதை. காலாண்டுக்கு அப்புறம் பிளஸ் ஒன் புத்தகம் பையை விட்டு வெளியே வரவில்லை. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். வியாதி உண்மை. ஆனால் மனப்பாடம் செய்ததால் வந்த வியாதிக்கு இன்னொரு மனப்பாடத்தை மருந்தாகக் கொடுத்தார்கள்.

இப்போது மருந்தை நிறுத்தியாச்சு. வியாதி திரும்பி வராது என்று யார் உத்தரவாதம் தருகிறார்கள்? காலியான இடத்தை பிளஸ் டூ பாடமும் கோச்சிங் சென்டரும் பங்கு போட்டுக்கொள்ளும். 2017இலும் 2025இலும் நாம் பேசியது பரீட்சை வேணுமா வேணாமா என்று மட்டும்தான். அந்த ஒரு வருடம் எதற்காக இருக்கிறது என்று பேசவே இல்லை.

பழைய ஆட்களிடம் கேட்டால் அதற்குப் பதில் கிடைக்கும். 1978இல் பிளஸ் டூ முறை வருவதற்கு முன்னால் பள்ளி முடித்த பிள்ளைகள் பியூசி, அதாவது புதுமுக வகுப்பு, படிக்கக் கல்லூரிக்குப் போனார்கள். கல்லூரி நூலகம், கல்லூரி ஆசிரியர், கல்லூரிக்குரிய சுதந்திரம். அந்தப் படிப்பைத்தான் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து, சீருடை மாட்டி, புக் பேக் கேள்விகளைக் கையில் கொடுத்து உட்கார வைத்தோம். ஆகவே, பிளஸ் ஒன்னில் கல்லூரித் தரத்தில் ஆராய்ச்சியும் தர்க்கமும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பது அமெரிக்க இறக்குமதி இல்லை. எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

*

பெரியகுளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. அந்த மலைமேல் இருக்கும் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், இந்தியாவிலேயே முதலில், 1976இல், ஐபி பாடத்திட்டத்தைக் கொண்டுவந்த பள்ளி. ஐபி டிப்ளமோ படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தானே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, தேடி, ஆதாரம் காட்டி, 4,000 சொல்லுக்குள் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். எழுதாமல் டிப்ளமோ இல்லை. கூடவே, நமக்குத் தெரிந்ததெல்லாம் எப்படித் தெரிந்தது என்று யோசிக்கவே ஒரு தனிப் பாடம். அமெரிக்காவின் ஏபி திட்டத்திலும் இதேபோல் ஒரு படிப்பு இருக்கிறது. ஒரு வருடம் முழுக்க ஒரே கேள்வி, கடைசியில் 4,000 முதல் 5,000 சொல்லில் கட்டுரை, அதற்கப்புறம் ஒரு குழுவுக்கு முன்னால் வாய்மொழியாகப் பதில் சொல்லணும்.

மலைமேல் பதினாறு வயதுப் பிள்ளை "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் மார்க். மலையடிவாரத்தில் அதே வயதுப் பிள்ளை கேட்டால் "உக்காரு." இடையில் இருப்பது மூளையின் வித்தியாசம் இல்லை, ஃபீஸின் வித்தியாசம். சமூகநீதி பேசுகிற மாநிலத்தில் இது ஏன் யாருக்கும் சுடவில்லை? மதிய உணவையும் சைக்கிளையும் லேப்டாப்பையும் உரிமை என்று சரியாகச் சொன்னவர்கள் நாம். கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வதை மட்டும் ஏன் பணக்காரப் பிள்ளைகளின் சொகுசு என்று விட்டுவிட்டோம்?

*

நான் கேட்பது சின்ன விஷயம். பிளஸ் ஒன்னில் வாரத்துக்கு இரண்டு பீரியடு. மூன்று பேர் கொண்ட குழு. தங்கள் ஊரிலிருந்து ஒரு கேள்வி. வருடக் கடைசியில் தமிழில் பத்துப் பக்கக் கட்டுரை, பதினைந்து நிமிட வாய்மொழித் தேர்வு. இன்றைக்கும் அக மதிப்பீடு என்று 10 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஒரு துண்டை 'செயல்திட்டம்' என்ற பெயரில் சார்ட் பேப்பருக்கும் ஸ்கெட்ச் பேனாவுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதிலாக இது.

கேள்விக்கா இங்கே பஞ்சம்? பென்னிகுயிக் கதையையே எடுங்கள். அணையைக் கட்டியவர்களில் ஒருவரான மெக்கன்சி, பெரியாறு திட்டத்தின் வரலாற்றை 1899இல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது, நகையை விற்ற கதை முதன்முதலில் எந்த வருடம் எங்கே அச்சானது என்று தேடச் சொல்லுங்கள். ஆதாரம் கிடைத்தால் கதை உறுதியாகும். கிடைக்காவிட்டால், ஒரு பள்ளத்தாக்கு ஏன் தன் நன்றியை இப்படி ஒரு கதையாக்கி வைத்துக்கொண்டது என்ற அதைவிட நல்ல கேள்வி கிடைக்கும். இரண்டிலும் பென்னிகுயிக்குக்கு எந்தக் குறைச்சலும் இல்லை. அணை 1895லிருந்து நிற்கிறது.

வரலாறு பிடிக்காதா? கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல் 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு ஜூன் 1இல் தண்ணீர் திறப்பது வழக்கம். சில வருடம் திறக்கிறார்கள், சில வருடம் தள்ளிப்போகிறது. கடந்த முப்பது வருடத் தேதிகளையும் அன்றைய அணை நீர்மட்டத்தையும் பழைய நாளிதழ்களிலிருந்து எடுத்து ஒரு அட்டவணை போடச் சொல்லுங்கள். தாத்தா "முன்னெல்லாம் தேதி தப்பாது" என்று சொல்வது உண்மையா என்று அதில் தெரிந்துவிடும்.

அதுவும் வேண்டாமா, பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாச் செய்தியிலும் ஒரே வரி: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார். எந்த ஆவணம் அப்படிச் சொல்கிறது? ஆனைமலையன்பட்டியில் ஒரு திராட்சை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அந்தத் தெருவழியே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த கேட்டைத் தாண்டி உள்ளே போயிருப்பார்கள்?

*

இதெல்லாம் அறிவு விளையாட்டு என்று நினைப்பவர்களுக்குப் பொட்டிப்புரத்தை ஞாபகப்படுத்துகிறேன்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை நியூட்ரினோ ஆய்வகத்துக்கு அனுமதி தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய். அம்பரப்பர் மலையைக் குடைந்து இரண்டு கிலோமீட்டர் அளவுக்குச் சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பில் ஒரு கருவி. அதற்கப்புறம் தேனி மாவட்டத்தில் பல வருடம் கேட்டது இரண்டு சத்தம். ஒரு பக்கம், நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், மண் மலடாகும் என்றார்கள். இன்னொரு பக்கம், விஞ்ஞானிகள் சொல்கிறோம், நம்புங்கள் என்றார்கள்.

இரண்டுமே எங்களைக் குழந்தையாக நினைத்துப் பேசிய பேச்சு. நியூட்ரினோ எப்போதுமே நம் உடம்பு வழியாகக் கோடிக்கணக்கில் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஒன்றும் செய்யாது. ஆனால் வெடி வைத்துப் பாறையைத் தகர்ப்பதும், பக்கத்தில் இருக்கும் அணைகளும், நிலத்தடி நீரும், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பதும் நியாயமான கேள்விகள். பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்ததும் கதிர்வீச்சுப் பயத்தால் இல்லை. எது பயம், எது கேள்வி என்று பிரித்துப் பார்க்கிற வேலை அது. அந்த வேலையை எந்தப் பள்ளியும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை. இயற்பியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் வாட்ஸப் ஃபார்வர்டைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். நானும் அனுப்பினேன்.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்குள் நான் இங்கே போகவில்லை. எங்கள் மலையைப் பற்றிய முடிவு டெல்லியிலும் சென்னையிலும் எடுக்கப்பட்டது. எங்களுக்குக் கிடைத்தது கோஷம் போடும் வேலை மட்டும்.

*

மறுப்புகள் வரும். "நம்ம பிள்ளைகளுக்குப் பிழையில்லாம எழுதவே வராது, இதுல ஆராய்ச்சியா?" தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1993லிருந்து நடக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏரித் தண்ணீரையும் தெருக் குப்பையையும் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, தமிழிலேயே நின்று பதில் சொல்கிறார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் "விளையாட்டெல்லாம் போதும், படி" என்று வீட்டிலும் பள்ளியிலும் நிறுத்திவிடுகிறோம். எழுத வராது என்பதும் எழுத விஷயம் இல்லாததால்தான். சொந்தமாகக் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு வாக்கியம் வரும்.

"நீட் இருக்கே?" வாரத்துக்கு இரண்டு பீரியடில் நீட் மூழ்கிவிடாது. வணிகவியல், வரலாறு, தொழிற்பிரிவு பிள்ளைகளுக்கு நீட்டோடு என்ன சம்பந்தம்? அவர்களுடைய இரண்டு வருடத்தையும் ஏன் அந்தப் பரீட்சையின் நிழலில் வைக்கணும்?

"சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்துரும்." கொடுக்கும். பென்னிகுயிக் நகையை விற்ற கதையையும் அழகாக எழுதிக் கொடுக்கும். அதனால்தான் வாய்மொழித் தேர்வு வேண்டும் என்கிறேன். "இந்தத் தேதியை எங்கே எடுத்தே?" என்று எதிரில் உட்கார்ந்து ஒருவர் கேட்டால், போய்த் தேடியவனுக்கும் காப்பியடித்தவனுக்கும் வித்தியாசம் இரண்டு நிமிடத்தில் தெரியும்.

உண்மையான சிக்கல் ஆசிரியர்கள்தான். எமிஸ் பதிவேற்றத்துக்கும் மாதாந்திர அறிக்கைக்கும் நடுவில் பாடம் நடத்த நேரம் தேடுகிறவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்கும் யாரும் ஆராய்ச்சி சொல்லித்தந்ததில்லை. பயிற்சியும் நேரமும் தராமல் உத்தரவு மட்டும் போட்டால், அடுத்த வருடமே 'ஆய்வுக் கட்டுரை கைடு' கடைக்கு வந்துவிடும். ஆகவே முதலில் ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. உத்தமபாளையத்தில் 1956லிருந்து ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி இருக்கிறது. ஒரு கல்லூரி ஆசிரியர், இரண்டு பள்ளி. தேனியில் இதை நடத்த முடியும்.

அன்றைக்கு எழுந்து கேட்டவன் இப்போது போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறான். போன மாதம் பார்த்தபோது அந்த நாளை ஞாபகப்படுத்தினேன். அவனுக்கு நினைவில் இல்லை. "அப்படியா கேட்டேன்?" என்று சிரித்தான். அப்புறம் டீயைக் குடித்துக்கொண்டே, "சரி, எதுலதான்டா எழுதியிருக்கு?" என்றான்.

எனக்கும் தெரியவில்லை. ரெண்டு பேரும் இதுவரை தேடிப் பார்த்ததில்லை. இந்த ஜூனில் பிளஸ் ஒன்னில் சேரப்போகும் பிள்ளைகளையாவது தேட விடுங்கள்.