இல்லாமல் முடியாத மரபணு எது?

பி.காம். படிக்கிறவனுக்கு வைரஸ் மரபணுவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். முக்கொம்பு பக்கம் மாமாவின் வாழைத்தோட்டத்தில் போன வருஷம் முடிக்கொத்து நோய் வந்தது. இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக விறைத்து நின்றன, தார் விடவில்லை. மருந்து கிடையாது. கிழங்கோடு தோண்டி அழிப்பதுதான் வழி. ஸ்ரீரங்கம் திரும்பியதும் இந்த வைரஸைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். (பத்தாவதோடு உயிரியலுக்கு முழுக்குப் போட்டவன், நிபுணர்கள் மன்னிக்க.)

இதன் மரபுப்பொருள் ஆறு தனித்தனி டி.என்.ஏ. வளையங்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,100 எழுத்து நீளம், அவ்வளவுதான்! ஒன்று படியெடுப்பைத் துவக்குகிறது, ஒன்று உறை செய்கிறது, ஒன்று அடுத்த செல்லுக்கு நகர உதவுகிறது... ஆறு டிபார்ட்மெண்ட் உள்ள கம்பெனி மாதிரி. எதை மூடினால் கம்பெனியே நிற்கும்?

படியெடுப்பைத் துவக்கும் மரபணு என்பது எல்லோரும் சொல்லும் பதில். அதைக் குறிவைத்து மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் உருவாக்கிய மரபணு மாற்று வாழை நோயை நன்றாகவே எதிர்த்ததாக 2012-இல் ஆய்வு வெளியானது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சியிலும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர் அதே மரபணுவைத்தான் குறிவைத்தார்கள்.

சரிதான். ஆனால் 'அவசியம்' என்றால் எங்கே அவசியம்? இந்த வைரஸுக்கு அவரை வகைச் செடியைத் தாக்கும் பங்காளி ஒன்று உண்டு, அதற்கு எட்டு வளையங்கள். வளையங்களை விட்டுவிட்டுச் செடியில் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. 'என்' என்ற வளையம் இல்லாமலும் செடிக்கு நோய் வந்தது. ஆனால் அசுவினிப் பூச்சியால் அதை அடுத்த செடிக்குக் கடத்த முடியவில்லை! செடிக்குள் பெருக வேண்டாத மரபணு, ஊர் சுற்ற வேண்டியிருக்கிறது.

வாழை வைரஸிலும் 'என்' உண்டு. நம்மூர் விவசாயிக்கு ஒரு மரம் போவது பெரிதில்லை, தோட்டம் போவதுதான் பெரிது. 1993 முதல் திருச்சியிலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பரவலைத் தடுக்கும் மரபணுவைத் தேடவும் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். நோயுள்ள கன்றை வாங்கி நட்டால் இது உதவாது என்பதும் தெரியும்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பக்கத்துத் தோட்டக்காரன் நோய் வந்த மரத்த வெட்டாம வெச்சிருக்கானே, அது எந்த மரபணுடா?" என்றார். ஏழெட்டு மரம் இன்னும் அப்படியே நிற்கிறது.