பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பும் முன்

2021 ஜூலையில், கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் தேசிய வைத்தியசாலையில் உயிரிழந்தாள். மலையக மக்கள் வீதியில் இறங்கி நீதி கேட்டார்கள். அதன் பின்னும் தரகர்கள் லயங்களுக்கு வருவது நிற்கவில்லை. வெள்ளவத்தைக் கடைகளுக்கும், கொட்டாஞ்சேனை வீடுகளுக்கும், தையல் பட்டறைகளுக்கும் நமது பிள்ளைகள் போகிறார்கள். வயது போதாவிட்டால் அக்காளின் அடையாள அட்டையைக் கொடுத்தனுப்புவதும் நடக்கிறது.

சட்டம் தெளிவானது. 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயதுக்குக் குறைந்தவர்களை அமர்த்தவே முடியாது.

சம்பளம் வந்ததா, அடித்தார்களா என்று கேட்கிறோம். பிள்ளையின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் சிறுமி, கழிவறைக்குப் போக அனுமதி கேட்கப் பயந்து தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறாள். சிறுநீரில் தொற்று வருகிறது. மாதவிடாய் நாட்களில் துணி மாற்றவும் நேரம் கிடைப்பதில்லை. ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடம்பு இன்னும் சோர்ந்துபோகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. திருமணம் செய்வதாக ஆசை காட்டுபவனும், வேலை போய்விடும் என்று மிரட்டுபவனும் தனியாக இருக்கும் சிறுமியைத்தான் தேடுகிறார்கள். 16 வயதுக்குக் குறைந்தவள் சம்மதித்தாள் என்று சொல்லி எவனும் தப்ப முடியாது. சட்டத்தின்படி அது பாலியல் வல்லுறவு. வளர்ந்து முடியாத உடம்பில் கர்ப்பம் தங்கினால் இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, எடை குறைந்த குழந்தை என ஆபத்துகள் கூடுகின்றன. தாயின் உயிரைக் காப்பாற்ற அன்றி வேறு காரணத்துக்குக் கருக்கலைப்புச் செய்ய நமது நாட்டின் சட்டம் இடம் தருவதில்லை. பயந்த பிள்ளை இரகசியமாக எங்கோ போகிறாள். இரத்தப்போக்கும் கிருமித் தொற்றும் அவள் உயிரையே வாங்கிவிடலாம்.

இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாடசாலையில் சுகாதாரப் பாடம் இருக்கிறது, அவள் இடைவிலகிவிட்டாள். தோட்டத்தில் மிட்வைப் இருக்கிறார். அவரது பதிவேடு பெரும்பாலும் குடும்பமான பெண்களையும் கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்ற தாய்மாரையும் பற்றியது. பாடசாலையை விட்ட, திருமணமாகாத, வேலைக்குப் போன பிள்ளை இரண்டு பட்டியலிலும் இல்லை. இந்த இடைவெளியைத்தான் நாம் அடைக்க வேண்டும்.

தோட்டக் கமிட்டிகளும் மாதர் சங்கங்களும் தோட்டத்தை விட்டுப் போன ஒவ்வொரு பிள்ளையின் வயதையும், இருக்கும் இடத்தையும் பதிந்துவைக்க வேண்டும். 16 வயதாகாதவர்களை அழைத்து வந்து மீண்டும் பாடசாலையில் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றப் பிள்ளைகள் ஊர் வரும்போது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு பேசி, மிட்வைப்பைக் கொண்டு தமிழில் வகுப்பு நடத்த வேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் அது தேவை.

தாய்மாரே, தகப்பன்மாரே, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்தைப் பிள்ளைக்கு மனப்பாடமாக்குங்கள். ஏதும் நடந்துவிட்டால் மானம் போகும் என்று மறைக்காமல், 72 மணித்தியாலத்துக்குள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கர்ப்பத்தையும் நோய்த்தொற்றையும் தடுக்கும் மருந்துகளுக்கு அந்த நேரம் முக்கியம். பணம் கட்ட வேண்டியதில்லை.

நாட்சம்பளம் போதாமல்தான் பிள்ளையை அனுப்புகிறோம் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சம்பளத்துக்காகப் போராட வேண்டியவர்கள் நாம். அந்தச் சுமையைப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றக்கூடாது.